கருமணல் கரையில் பழைய கெய்கர் கவுன்டர்: எதை வாங்கலாம், எதை விடலாம்

மணவாளக்குறிச்சி மணலில் வைத்து "பாருங்க, எப்படிக் கத்துது" என்று காட்டினால், அந்தச் சத்தத்தை நம்பிப் பழைய கெய்கர் கவுன்டர் (கதிர்வீச்சை எண்ணிச் சொல்லும் கருவி) வாங்காதீர்கள். அந்தக் கரை மணலிலேயே கதிரியக்கக் கனிமம் இருப்பதால், கதிரைப் பிடிக்கும் வாயுக் குழலான டியூப் பாதி செத்திருந்தாலும் அங்கே கத்தும். சொல்லப்போனால் செத்துக்கொண்டிருக்கும் டியூப்தான் கூடுதலாகக் கத்தும். உள்ளே மின்னிறக்கத்தை அடக்குவதற்கென்று அடைத்து வைத்த ஆவி தீர்ந்துபோனால், ஒரு கதிர் பட்டதற்கு மூன்று நான்கு துடிப்பு வரும். பழைய கருவியின் தரம் தெரிய வேண்டுமானால் அதை அமைதியாக இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கொல்லத்திலிருந்து கன்னியாகுமரி வரையுள்ள கரையில் அப்படிப்பட்ட இடம் கிடைப்பதுதான் கஷ்டம். அதற்கொரு வழி பின்னால் வருகிறது.

இப்போது ஆன்லைன் ஏலத்திலும் பழைய சாமான் வியாபாரிகளிடமும் கிடைப்பவை பெரும்பாலும் 1950 முதல் 1980கள் வரை செய்தவை. சுரங்கத்துக்கும் கனிமத் தேடலுக்கும் செய்தவை, போர்க்காலத்துக்குச் செய்தவை என்று இரண்டு வகை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பணம் வீணாவது இந்தக் குழப்பத்தால்தான்.

அந்தக் குழப்பத்துக்கு முதல் எடுத்துக்காட்டு சிடிவி-715. அமெரிக்க சிவில் டிஃபென்ஸ் (போர்க்காலக் குடிமக்கள் பாதுகாப்பு) அமைப்பின் மஞ்சள் பெட்டி, மேலே கைப்பிடி, பெரிய மீட்டர். விற்பவர் "கெய்கர் கவுன்டர்" என்றுதான் எழுதியிருப்பார். உள்ளே கெய்கர் டியூபே கிடையாது, கதிரை ஒவ்வொன்றாக எண்ணாமல் மொத்த மின்னோட்டத்தை அளக்கும் அயனிக் கலம்தான் இருக்கும். மிக நுண்ணிய அளவில் வைத்தாலும் முழு முள் மணிக்கு 0.5 ராண்ட்ஜன் (கதிர் அளவின் அலகு). மில்லிராண்ட்ஜன் இல்லை, ராண்ட்ஜன். பெரிய அளவில் 500 ராண்ட்ஜன். அணுகுண்டு விழுந்த மறுநாளைக்கென்று செய்த கருவி அது. தோரியம் கலந்த கதிரியக்கக் கனிமமான மோனசைட் மூட்டை மேலேயே உட்கார வைத்தாலும் முள் அசையாது. அலமாரியில் அழகுக்கு வைக்கலாம், வேறெதற்கும் உதவாது. 717, 720 என்ற எண்ணுள்ள மஞ்சள் பெட்டிகளும் இதே சாதி.

அதே குடும்பத்தில் வாங்கத் தகுந்தது சிடிவி-700 ஒன்றுதான். விக்டோரீன், ஆன்டன், லயனல், எலெக்ட்ரோ-நியூட்ரானிக்ஸ் என்று பல கம்பெனிகள் ஒரே அளவுகோலில் செய்தவை. சுமார் 2 கிலோ எடை, கம்பியில் தொங்கும் உலோகப் புரோப் (டியூப் இருக்கும் கைக்குழல்), ஸ்பீக்கர் கிடையாது, ஹெட்போன் மட்டும். முழு முள் அளவுகள் மணிக்கு 0.5, 5, 50 மில்லிராண்ட்ஜன். எண்ணிக்கையில் சொன்னால் நிமிடத்துக்கு 300, 3,000, 30,000. சாதாரண ஊரில் மிக நுண்ணிய அளவில் நிமிடத்துக்குப் பத்திலிருந்து இருபது துடிப்பு வரும். கருமணல் திட்டில் முள் நன்றாகவே ஏறும்.

இதன் பலம் டியூபில் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் 6993 என்ற எண்ணுள்ள ஹாலஜன் டியூப், 900 வோல்ட்டில் ஓடுவது. ஹாலஜன் வாயு ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் திரும்பச் சேர்ந்துகொள்வதால் டியூப் எண்ணி எண்ணித் தேய்வதில்லை. 1950களின் தேடல் கருவிகள் பலவற்றில் இருந்த விக்டோரீன் 1பி85 போன்ற டியூப்களில் ஆல்கஹால் போன்ற கரிம ஆவி இருக்கும். அது ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் சிதையும், திரும்பச் சேராது. எழுபது வருடத்துக்கு முன் யாரோ யூட்டா பாலைவனத்தில் அதை எவ்வளவு ஓட்டினார்கள் என்று நமக்குத் தெரியப்போவதில்லை. 1பி85 போட்ட கருவியைக் காட்சிப் பொருளாக மட்டும் விலை பேசுங்கள்.

சிடிவி-700 புரோபைச் சுற்றி ஒரு உலோக உறை சுழலும். திறந்தால் பீட்டாவும் காமாவும் எண்ணும், மூடினால் காமா மட்டும். ஆல்பா எந்த நிலையிலும் வராது, டியூபின் சுவர் அதற்குத் தடிமன். மணலில் உறையைத் திறந்து வைத்து அளந்து அதை மில்லிராண்ட்ஜன் என்று எழுதி வைப்பது பரவலான தவறு. அளவுகோல் காமாவுக்குத்தான் போட்டது, பீட்டா சேர்ந்தால் முள் காட்டுவது வெறும் எண்ணிக்கை. ஒப்பிடுவதென்றால் எப்போதும் மூடியே அளக்க வேண்டும்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சோதனை மூலத்தை (கருவி ஓடுகிறதா என்று பார்க்க வைத்த சிறு கதிரியக்கப் பொருள்) பற்றி ஒரு எச்சரிக்கை. சில மாடல்களில் அது ஈயம்-210 கலந்தது, அரை ஆயுள் சுமார் 22 வருடம். 1960களில் ஒட்டியது இன்று எட்டில் ஒரு பங்குக்கு வந்திருக்கும். புத்தகத்தில் சொன்ன அளவுக்கு முள் ஏறவில்லையே என்று உள்ளே இருக்கும் அளவுத் திருத்தத் திருகைத் திருப்பி முள்ளை ஏற்றிவிடுகிறார்கள். கருவி நன்றாக இருந்தது, திருத்திய பிறகுதான் கெட்டது. அப்படித் திருப்பியவை சந்தையில் நிறைய. அந்த ஸ்டிக்கரைச் சுரண்டவும் வேண்டாம்.

அடுத்து தங்க முலாம் பூசியது மாதிரி மினுங்கும் 1950களின் சிந்தில்லேஷன் கருவிகள், அதாவது கதிர் பட்டால் படிகத்தில் எழும் ஒளிமின்னலை எண்ணுபவை. லாஸ் ஏஞ்சலிஸ் பிரிசிஷன் ரேடியேஷன் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் விற்ற மாடல் 111 அந்த வகையில் புகழ்பெற்றது. கொலராடோ பீடபூமியில் யுரேனியம் தேடிப் போனவர்களின் கனவுக் கருவி. (அந்த வேட்டையின் நாயகனான சார்லஸ் ஸ்டீன் 1952 இல் மி விடா சுரங்கத்தைக் கண்டபோது அவரிடம் கெய்கர் கவுன்டரே இல்லை என்பது வேறு கதை. துளையிட்டு எடுத்த பாறைத் துண்டை அடுத்தவர் கருவியில் காட்டித்தான் தெரிந்துகொண்டார்.) உள்ளே தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகம், பின்னால் அந்த ஒளியை மின்துடிப்பாக்கிப் பெருக்கும் ஃபோட்டோமல்டிப்ளையர் டியூப். கெய்கர் டியூப் தன்மேல் படும் காமாவில் நூற்றுக்கு ஒன்றைப் பிடித்தால் பெரிது. இந்தப் படிகம் பல மடங்கு பிடிக்கும். கருவி நல்ல கருவிதான். கஷ்டம் அதை இன்று ஓட்டுவதில்.

சோடியம் அயோடைடு உப்பைப்போலவே ஈரம் குடிக்கும். அலுமினிய டப்பாவின் ஒட்டு ஒரு மயிரிழை விட்டிருந்தாலும் போதும், படிகம் மஞ்சளாகும், ஒளி மங்கும், எண்ணிக்கை குறையும். அறுபது எழுபது வருடம் ஆன டப்பாவை நம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) ஈரத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. திடீர்ச் சூடும் குளிரும் படிகத்தை வெடிக்க வைக்கும். வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்து ஏசி அறையில் வைப்பது அதைக் கொல்லும் நேர்வழி. இதற்கு மேல் 1950களின் உயர் வோல்ட் பேட்டரிகள். 67.5 வோல்ட்டுக்கு ஏழு 9 வோல்ட் பேட்டரியைத் தொடராகக் கோத்தால் புதிதாக இருக்கும்போது சுமார் 66 வரும், போதும். 45க்கு ஐந்து. 22.5க்குப் பதினைந்து பொத்தான் செல். இணைப்பு முனைகளை நாமே செய்துகொள்ள வேண்டும். படிகம் வெள்ளையாக இருக்கிறது என்று படத்தோடு நிரூபிக்கிற விற்பவர் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். ஒரு விஷயம் மறக்கக் கூடாது: மின்சாரம் இருக்கும்போது ஃபோட்டோமல்டிப்ளையரின் மேல் அறை வெளிச்சம் பட்டால் அது முடிந்தது.

இந்தக் கரைக்கென்று ஒன்றைச் சிபாரிசு செய்யச் சொன்னால் சோவியத் எஸ்ஆர்பி-68-01. புவியியலாளர்களுக்கென்றே செய்த சிந்தில்லேஷன் கருவி. நீளக் குழல் மாதிரிப் புரோப், அதற்குள் 30 மில்லிமீட்டர் விட்டமும் 25 மில்லிமீட்டர் நீளமும் உள்ள படிகம். தோளில் தொங்கும் பெட்டியில் மீட்டர். அளவு மணிக்கு 3,000 மைக்ரோராண்ட்ஜன் வரை அல்லது வினாடிக்கு 10,000 துடிப்பு வரை. எழுத்தெல்லாம் ரஷ்யன், ஆனால் சுவிட்சில் இருப்பவை எண்கள்தான். நடுத்தரப் பருமன் செல்கள் ஒன்பது வேண்டும், அவை எந்தக் கடையிலும் கிடைக்கும். பழைய கருவியில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது 300 வோல்ட் பேட்டரி தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும்.

வித்தியாசத்தைக் கணக்காகவே பார்க்கலாம். கதிர் எண்ணிக்கையில் பிழை என்பது எண்ணிக்கையின் வர்க்கமூலம். 100 எண்ணினால் 10 கூடலாம் குறையலாம், அதாவது பத்து சதவீதம். 400 எண்ணினால் 20, ஐந்து சதவீதம். சிடிவி-700 சாதாரணப் பின்னணியில் (எங்கும் இருக்கும் இயற்கைக் கதிர்) நிமிடத்துக்கு 15 எண்ணுகிறது என்றால் 400 எண்ண அரை மணி நேரம் பக்கம் நிற்க வேண்டும். எஸ்ஆர்பி அதே இடத்தில் வினாடிக்கு நாற்பது பக்கம் எண்ணும், பத்து வினாடியில் 400 வந்துவிடும். கொளச்சலிலிருந்து மண்டைக்காடு வரை நடந்து ஐம்பது இடத்தில் அளப்பவருக்கு இது ஒரு நாள் வேலைக்கும் ஒரு வார வேலைக்கும் உள்ள தூரம்.

எஸ்ஆர்பியில் வழக்கமாகக் கெடுவது கேபிள், அதுவும் புரோபுக்குள் நுழையும் இடத்தில். கையால் அசைத்துப் பார்த்து முள் துள்ளினால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. இரண்டு அங்குலம் வெட்டிப் புதிதாகப் பற்ற வைத்தால் சரியாகும். முள் நிதானமாக நின்று அளவு மட்டும் குறைவாக இருந்தால், படிகத்துக்கும் ஃபோட்டோமல்டிப்ளையருக்கும் நடுவே உள்ள பசை காய்ந்திருக்கலாம். அதைத் திறப்பது இருட்டறை வேலை, பழகாதவர் தொட வேண்டாம்.

டிபி-5வி என்ற சோவியத் ராணுவக் கருவியும் நிறைய வருகிறது. உறுதியான பெட்டி, நல்ல எஸ்பிஎம்-20 டியூப். ஆனால் அளவுகோல் மணிக்கு 0.05 மில்லிராண்ட்ஜனில்தான் தொடங்குகிறது, பின்னணியை ஹெட்போனில் கேட்கலாமே தவிர முள்ளில் பார்க்க முடியாது. அதோடு அதன் சோதனை மூலம் ஸ்ட்ரான்சியம்-90. உரிய அனுமதியில்லாமல் கதிரியக்க மூலத்தை நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. மூலம் நீக்கப்பட்டது என்று எழுத்தில் வாங்காமல் இதைத் தருவிக்காதீர்கள். பிரிட்டிஷ் ராணுவச் சாமான் எதையாவது பார்த்தால் முள்ளிலும் எண்களிலும் ரேடியப் பூச்சு இருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். தன் முகத்திலேயே ரேடியம் பூசிய கருவி பின்னணியை எப்படி அளக்கும்?

இனி அமைதியான இடம். வீட்டுக்குள் அளந்தால் சுவர்க் கல், தரைக் கருங்கல், கட்டுமானத்துக்கு எடுத்த மணல் எல்லாம் சேர்ந்து எண்ணும். மலைப்பக்கம் போனாலும் பாறையில் தோரியமும் பொட்டாசியமும் உண்டு. தண்ணீர்தான் வழி. மூன்று மீட்டர் ஆழத் தண்ணீர் அடியிலிருந்து வரும் காமாவை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். கரையிலிருந்து ஐந்நூறு மீட்டர் தள்ளி வள்ளத்தில் நின்றால், இல்லாவிட்டால் அணைத் தேக்கத்தின் நடுவே படகில் இருந்தால், மேலே வானத்திலிருந்து வருவது மட்டுமே மிச்சம். கருவியை பாலிதீன் பையில் கட்டி, இருபது நிமிடம் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் வந்ததைவிட எண்ணிக்கை தெளிவாகக் குறைய வேண்டும், பாதிக்குப் பக்கத்தில் வந்தால் நல்ல டியூப். கரையிலும் கடலிலும் ஒரே எண்ணிக்கை காட்டுகிறது என்றால் அந்தத் துடிப்பு கதிரால் வருவதில்லை. மின்கசிவு, அல்லது ஆயுள் முடிந்த டியூப். விற்பவர் வள்ளம் ஏற மறுத்தால் விலையைக் குறைத்துக் கேட்க அதுவே நியாயமான காரணம்.

எண்ணவே இல்லை என்றால் எதை வைத்துச் சோதிப்பது? உரக்கடைப் பொட்டாஷ் போதும். பொட்டாசியம் குளோரைடு கிராமுக்கு வினாடிக்குச் சுமார் 16 சிதைவு தரும், அதில் பெரும்பகுதி பீட்டா. ஒரு கிலோ பொட்டலத்தின் மேல் உறை திறந்த புரோபை வைத்தால் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிந்தே கூட வேண்டும். இன்னும் பலமாக வேண்டுமானால் தோரியம் ஏற்றிய பெட்ரோமாக்ஸ் மேன்டில். அதில் ஒரு சுற்று முடிகிறது. 1909 இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார், மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கத் தொடங்கியது அந்தக் காலத்து மேன்டில் தொழிலுக்காகத்தான். மேன்டிலைப் பிரிக்காமல் உறையோடு வைத்துச் சோதியுங்கள், தூளானால் மூக்கில் போகும்.

உயர் வோல்ட்டேஜைச் சாதாரண மல்டிமீட்டரால் அளந்து "400 தான் வருகிறது, சர்க்யூட் போச்சு" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். மல்டிமீட்டரின் 10 மெகா ஓம் இந்தச் சர்க்யூட்டுக்குப் பெரிய சுமை, அது தொட்ட உடனே வோல்ட்டேஜ் சாய்ந்துவிடும். 100 மெகா ஓம் ரெசிஸ்டர் பத்தைத் தொடராகப் பற்ற வைத்து மீட்டரின் முனையில் மாட்டுங்கள், காட்டுவதை 101 ஆல் பெருக்குங்கள். 900 வோல்ட் இருந்தால் மீட்டரில் 8.9 தெரியும். 6993 இருந்த இடத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எஸ்பிஎம்-20 போடாதீர்கள். அது 400 வோல்ட் டியூப், 900இல் ஒரே மூச்சில் போய்விடும்.

உப்புக்காற்றுக்கு இந்தக் கருவிகள் எதுவும் செய்யப்பட்டவை அல்ல. சர்க்யூட் பலகையில் படியும் உப்பு ஈரம் பட்டதும் மின்சாரம் கடத்தும். 900 வோல்ட் அதன் வழியாகக் கசிந்து பொய்த் துடிப்பாகும். மழைக்காலத்தில் கத்தி, பங்குனி வெயிலில் அடங்குகிற கருவிக்கு நோய் இதுதான். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் டியூப் சாக்கெட்டையும் உயர் வோல்ட் பக்கத்தையும் துடைத்து, காயவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். செல்களை ஒருபோதும் உள்ளே விட்டு வைக்காதீர்கள். பச்சை பூத்த பேட்டரி முனையை வினிகரால் துடைத்தால் பெரும்பாலும் திரும்பி வரும்.

மணலில் அளக்கும்போது நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கறுப்பு என்பது இல்மனைட், சிவப்பு கார்னெட். கதிர் முக்கியமாக வருவது தேன் நிறத்தில் இருக்கும் மோனசைட்டிலிருந்து, அதில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 சதவீதம், யுரேனியம் ஆக்சைடு 0.35 சதவீதம் பக்கம். எல்லாமே கனமானவை என்பதால் அலை வெண்மணலை இழுத்துக்கொண்டு போய் இவற்றை ஒன்றாகச் சேர்த்து வைக்கிறது. இடவப்பாதிக் கடல் இதைப் பலமாகச் செய்யும். அதனால் ஒரே திட்டில் ஆனியிலும் மாசியிலும் ஒரே அளவு வராது, தேதி எழுதாத அளவீடு குப்பை. புரோபைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்தால் சுற்றியுள்ள பல மீட்டரின் சராசரி, தரையில் வைத்தால் ஒரு முறம் மணலின் கதை. இரண்டையும் கலக்கக் கூடாது. மழை பெய்த உடனே அளக்காதீர்கள். காற்றில் இருக்கும் ரேடான் என்ற கதிரியக்க வாயு சிதைந்து உண்டாகும் வாரிசுகளை மழை தரைக்கு இறக்கும், எண்ணிக்கை ஏறி அரை மணிக்கு ஒருமுறை ஏறக்குறையப் பாதியாகும். மூன்று மணி நேரம் பொறுத்தால் போதும்.

இந்தக் கருவிகளில் எதுவும் தோரியத்தையும் யுரேனியத்தையும் பிரித்துச் சொல்லாது. 1950களில் தோரியப் பாறையை யுரேனியம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் ஏராளம். பிரிக்க ஒரு மலிவான வழி உண்டு. மூடிய அறையில் டேபிள் ஃபேனின் பின்பக்கம் மெல்லிய துணியைக் கட்டி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். மணலிலிருந்து எழும் ரேடானின் வாரிசுகள் காற்றோடு வந்து துணியில் ஒட்டும். துணியை நான்காக மடித்து, உறை திறந்த புரோபின் கீழ் வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணுங்கள். யுரேனியக் குடும்பத்து ரேடானிலிருந்து வந்தது மூன்று நான்கு மணிக்குள் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் மிஞ்சி நின்று, 10.6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போவது தோரியக் குடும்பம். மணல் திட்டுக்குப் பக்கத்து அறையில் மறுநாள் காலையிலும் துணி எண்ணிக்கொண்டிருக்கும்.

அளப்பது வேறு, அள்ளுவது வேறு. மோனசைட்டைச் சேர்ப்பதற்கும் வைத்திருப்பதற்கும் அணுசக்தித் துறையின் உரிமம் வேண்டும். சோதனைக்கென்று ஒரு கைப்பிடிகூட டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வர வேண்டாம், பொட்டாஷ் இருக்கிறது. பள்ளி ஆய்வகத்துக்கு என்றால் மூலம் ஒட்டாத சிடிவி-700, நடந்து அளப்பவருக்கு எஸ்ஆர்பி-68-01. ஏலத்தில் கேட்கும்முன் விற்பவரிடம் இரண்டு படம் கேளுங்கள்: பேட்டரி அறையின் உள்பக்கம் ஒன்று, டியூபின் மேல் அச்சடித்த எண் தெரியும்படி இன்னொன்று.